நீலம் படாத வேட்டி

அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது நான்கு வேட்டிகள் இருந்தன. நான்கும் கட்டிப் பழகியவை. வெளுத்து வெளுத்து, கஞ்சிப் பசையெல்லாம் போய், விரலிடுக்கில் வழுக்கும் மென்மைக்கு வந்துவிட்டவை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் பழைய துணியை யாருக்குக் கொடுப்பது என்று அம்மா மறுத்துவிட்டாள். கரித்துணியாக்கவும் மனம் வரவில்லை. அந்தக் கோடை விடுமுறையில்தான் எனக்குத் துணியில் சாயம் போட்டுப் பார்க்கும் ஆசை பிடித்திருந்தது. (பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்ட நண்பர்களுக்கு என்னிடம் அப்போதும் பதில் இல்லை, இப்போதும் இல்லை.) சாயம் ஏற்பதற்குப் புதுத் துணியைவிடப் பழைய பருத்தியே நல்லது. ஆலையிலிருந்து வரும் துணியில் ஏற்றியிருக்கும் பசையும் மெழுகும் சாயத்தை உள்ளே விடா. அம்மாவிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒண்ணு ஒண்ணா எடு. மொத்தமா எடுக்காத" என்றாள்.

பாத்திக் என்றதும் நமக்கெல்லாம் மெழுகுதான் நினைவுக்கு வரும். உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கினால் அது மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். சொல்லும் முறையும் ஜாவாவிலிருந்து வந்தவை. 1927-இல் தாகூர் ஜாவா போய் வந்த பிறகு சாந்திநிகேதனில் அது வேரூன்றியது. அறுபதுகளில் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில்தான் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. அதற்கெல்லாம் வெகு முன்னரே நம் தஞ்சைப் பக்கத்துக் கோடாலிக்கருப்பூரில் பொன்னிழை ஊடிய சேலைகளுக்கு மெழுகிட்டுச் சாயமேற்றினார்கள். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென்றே நெய்யப்பட்ட துணி அது. 1855-இல் கடைசி மன்னர் மறைந்து அரண்மனை ஆதரவு அற்றதும் அந்தச் சேலையும் மெல்ல மறைந்தது. இப்போது அதைக் காண அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மெழுகைக் கொதிக்க வைக்க எனக்குத் துணிவில்லை. சூடு மிஞ்சினால் தீப்பற்றும், புகை நெஞ்சை அடைக்கும். கடைசியில் துணியிலிருந்து அதை எடுப்பதற்குத் தனியாகக் கொதிநீர் வேண்டும். மெழுகுக்குப் பதில் பசையைப் பயன்படுத்தும் முறை ஒன்று உண்டு என்று படித்தபோது மனம் அதைப் பற்றிக்கொண்டது. ஜப்பானில் பசையரிசி மாவையும் தவிட்டையும் வேகவைத்துப் பிசைந்து அச்சுத் தகட்டின் வழியே துணியில் இழுக்கிறார்கள். ராஜஸ்தானத்தில் களிமண்ணும் சுண்ணாம்பும் பிசினும் சேர்த்துக் குழைக்கிறார்கள். எல்லாம் தண்ணீரில் கரைந்து போகும் பொருள்கள். அடுப்படியில் இருப்பதைக் கொண்டே செய்துவிடலாம் போலத் தோன்றியது. அந்த நினைப்பு எவ்வளவு அசட்டுத்தனமானது என்பதை முதல் வேட்டி சொல்லிக் கொடுத்தது.

படித்த குறிப்பில் அரைக் கோப்பை மைதா, அரைக் கோப்பை தண்ணீர், இரண்டு சிறு கரண்டி படிகாரத்தூள் என்றிருந்தது. அப்படியே கரைத்தேன். பால் உறையைக் கூம்பாகச் சுருட்டி, மருதாணி இடுவதைப் போல, வேட்டியின் ஒரு பாதியில் கொடிகளும் இலைகளுமாக இட்டேன். மே மாத வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்து முறுகிவிட்டது. சாயம், கடைகளில் கிடைக்கும் வினைபுரி சாயம். 1956-இல் ஐசிஐ நிறுவனம் 'புரோசியான்' என்ற பெயரில் விற்கத் தொடங்கிய வகை. கொதிக்க வைக்காமலே உப்பும் சலவைச் சோடாவும் சேர்த்தால் பருத்தியின் இழையோடு பிணைந்துகொள்ளும். வாளியில் சிவப்பைக் கரைத்து வேட்டியை முக்கி ஒரு மணி நேரம் ஊற விட்டேன். எடுத்துப் பார்த்தால் கொடியும் இல்லை, இலையும் இல்லை. பசை முழுவதும் இளகி, வாளியின் அடியில் புளித்த தோசை மாவைப் போலத் தங்கியிருந்தது. வேட்டி முழுக்க ஒரே சிவப்பு, அங்கங்கே திட்டுத் திட்டாக. சொறி பிடித்த மாட்டின் முதுகு போல இருந்தது என்று எழுதினால் மிகையில்லை. வேகாத மாவுப் பசையை நீரில் ஊற வைக்கக் கூடாது, சாயத்தைத் தூரிகையால் மேலே பூச வேண்டும் என்பது அந்தக் குறிப்பின் கடைசி வரியில் இருந்தது. நான் கடைசி வரி வரை படித்திருக்கவில்லை. மாணவர்களை இதற்காக எத்தனை முறை கடிந்திருக்கிறேன்!

அம்மா வேட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பார்வை அலசிய தண்ணீரின் மேல் இருந்தது. "இந்தத் தண்ணிய எங்க ஊத்தப் போற?"

ஆறு வாளி சிவப்புத் தண்ணீர். ஏழாவதும் சிவந்தே வந்தது. இந்த வகைச் சாயத்தில் ஒரு கணிசமான பங்கு துணியோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது என்று உடன் வேலை பார்க்கும் வேதியியல் ஆசிரியை பின்னர் விளக்கினார். அதை எவ்வளவு அலசினாலும் வெளியேற்றத்தான் வேண்டும், அதோடு உப்பும் போகும். தென்னைக்கு ஊற்றினால் மரம் கெடும். சாக்கடையில் ஊற்றினால் அது ஏதோ ஓர் ஏரிக்குப் போகும். ஒரு வேட்டிக்கே இந்தக் கதை. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாகிப் போனதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் செய்தித்தாளில் படித்துக் கடந்துபோன விஷயங்கள். எங்கள் ஊருக்கு இன்னும் அருகே, நந்தி மலையில் பிறந்து பெங்களூரின் புறநகர்க் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி வரும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை தள்ளுவதை எத்தனையோ மழைக்காலங்களில் கண்டிருக்கிறோம். கர்நாடகத்தைத் திட்டியபடி கண்டிருக்கிறோம். இப்போது என் கையில் ஒரு வாளி. அதை எங்கே கவிழ்ப்பது என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று பின்கட்டின் ஓரத்தில், எதுவும் முளைக்காத சுக்காம்பாறைக் குழியில் ஊற்றினேன். அது சரியான விடை அல்ல என்பது தெரிந்தேதான் ஊற்றினேன்.

இரண்டாவது வேட்டிக்கு மைதா வேண்டாம் என்று முடிவு செய்தேன். இது கேழ்வரகு விளையும் பூமி. இதே களி உருண்டைக்கு ஓசூர்ப் பக்கம் கன்னடக்காரர் வீட்டில் ராகி முத்தெ என்று பெயர், தெலுங்கு பேசுபவர் வீட்டில் சங்கடி, எங்கள் வீட்டில் கேவுருக் களி. கையில் ஒட்டினால் கழுவக் கழுவப் போகாத அந்தப் பசையைவிட வேறென்ன பசை வேண்டும்? மாவு டப்பாவை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள்.

"திங்கற மாவ துணியில பூசறதா? உங்கப்பா சின்ன வயசுல ஒரு உருண்டைக் களிய மூணு பேரு பங்கு போட்டுத் தின்னவரு. அவரு வேட்டி மேலேயே அதக் கொட்டுவியா?"

எனக்குச் சுருக்கென்றது. அழகுக்காக உணவை வீணாக்குவது என்ற கோணத்தில் நான் அதுவரை யோசித்தே பார்க்கவில்லை. ராஜஸ்தானத்துக்காரர்கள் அந்த மண் பசையில் சேர்ப்பது வண்டு தின்று பொடியான கோதுமை என்று படித்ததை அப்போதுதான் நினைவுகூர்ந்து அம்மாவிடம் சொன்னேன். தின்ன உதவாததைத்தான் அவர்கள் துணிக்குத் தருகிறார்கள். அம்மா ஒரு கணம் யோசித்தாள். பரணிலிருந்து ஒரு பழைய தகர டப்பாவை இறக்கச் சொன்னாள். போன ஆண்டு அரைத்து, மறந்து, வண்டு விழுந்த கேழ்வரகு மாவு இரண்டு படி இருந்தது. கோழிக்குப் போடலாம் என்று வைத்திருந்தாளாம். அதில் ஒரு படி எனக்குக் கிடைத்தது.

அதன்பின் அடுப்பு அவள் வசமாயிற்று. நான் குறிப்பைப் பார்த்துக் கோப்பைக் கணக்குச் சொல்லச் சொல்ல அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, கட்டி விழாமல் துடுப்பால் கிளறி, தணலைக் குறைத்து மூடி வைத்தாள். பிறகு விரலைத் தண்ணீரில் நனைத்து மேலாகத் தொட்டுப் பார்த்தாள். "ஒட்டுது. இன்னும் வேகல." மறுபடி மூடினாள். நனைத்த விரலில் ஒட்டாமல் வரும்போதுதான் மாவு வெந்த பதம் என்பது இந்தப் பக்கத்தில் களி கிண்டும் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரியும். ஆனால் அது பசைக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. வேகாத மாவு தண்ணீரில் பிரிந்துவிடும், வெந்த மாவு தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். என் முதல் தோல்விக்கான விளக்கம் முழுவதும் அந்த நனைந்த விரலில் இருந்தது. களியை விட இளக்கமாக, கூழை விட இறுக்கமாக அவள் இறக்கி வைத்ததை ஆற வைத்து, மெல்லிய துணியில் வடித்துக் கூம்பில் அடைத்தேன்.

இம்முறை வேட்டியை முதலில் சோடா நீரில் நனைத்துக் காயவைத்து, அதன் மேல் பசையிட்டு, அது இறுகியதும் சாயத்தைத் தூரிகையால் பூசினேன். தண்ணீரும் சாயமும் முன்னதில் ஒரு சிறு பங்கே செலவாயின. ஓர் இரவு பாலித்தீன் தாளில் சுற்றி வைத்துவிட்டு, மறுநாள் ஊறவைத்துக் கரண்டியின் முதுகால் பசையைச் சுரண்டினேன். கோடுகள் இருந்தன! விளிம்பு சற்று மங்கல், பசை வெடித்த இடங்களில் நரம்பு நரம்பாகச் சாயம் இறங்கியிருந்தது. ஆனால் கோடுகள் வெள்ளையாக இல்லை. நீர்த்த தேநீரின் நிறத்தில், இளம் பழுப்பாக இருந்தன. கேழ்வரகின் தோலில் இருக்கும் துவர்ப்புப் பொருள் சோடாவின் காரம் பட்டுக் கறுத்து இழையில் ஏறியிருக்க வேண்டும் என்றார் வேதியியல் ஆசிரியை. தடுப்பதற்கென்று வைத்த பசை, தன் நிறத்தைக் கொஞ்சம் விட்டுச் சென்றிருக்கிறது. அம்மா அதைத் தடவிப் பார்த்து, "கேவுரு வாசன கூட அடிக்குது" என்றாள். அவள் சிரித்து அன்றுதான் வெகு நாள் கழித்துப் பார்த்தேன். அந்த வேட்டி இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையின் விரிப்பு.

மூன்றாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அதற்கு வர இவ்வளவு நேரமாகிவிட்டது.

நைஜீரியாவின் தென்மேற்கே யொரூபா மக்களிடம் அதிரே எலெகோ என்றொரு துணி உண்டு. மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, கோழி இறகால் துணியில் வரைந்து, அவுரித் தொட்டியில் பலமுறை முக்கி எடுப்பார்கள். அபேகுட்டாவிலும் இபாதனிலும் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தொழில் அது. 'இபாதன் இனிது' என்று பொருள்படும் பெயருடைய ஒரு வடிவம் மிகவும் புகழ் பெற்றது. அந்தக் கூழில் அவர்கள் படிகாரமும் மயில்துத்தமும் சேர்ப்பார்கள் என்று படித்தபோது எனக்கு வியப்பாகிவிட்டது. நம்மூரில் புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் போடுவதும் அதே துத்தம்தான். மரவள்ளியோ சேலம், தர்மபுரிப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்காக வயல் வயலாக விளைவது. கண்டம் தாண்டிய ஒரு கைவேலைக்கு வேண்டிய பொருள்கள் அத்தனையும் ஐம்பது, அறுபது மைல் சுற்றளவில் கிடைத்தன. (துத்தம் நஞ்சு. கையுறை வேண்டும். சமையல் பாத்திரத்தின் அருகே கூடக் கொண்டுபோகக் கூடாது. அதற்கென்று ஓர் ஓட்டைச் சட்டியை ஒதுக்கினேன்.)

அவுரிக்கு நான் போனதற்கு அம்மாவின் கேள்வியும் ஒரு காரணம். அதற்கு உப்பு வேண்டாம், சாயத் தொட்டியையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டியதில்லை. திண்டிவனத்துப் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் சரிந்த பெரும் பயிரின் மிச்சம் அது. நம் பக்கத்துச் சாயக்காரர்கள் சுண்ணாம்போடு தகரை விதையை வேகவைத்துச் சேர்த்து நாள்கணக்கில் தொட்டியை நொதிக்க விடுவார்கள். நான் எளிய வழியில் போனேன். ஒரு பங்கு அவுரிப்பொடி, இரண்டு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு வெல்லம், வெதுவெதுப்பான தண்ணீர், மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி. மறுநாள் திறந்தால் மேலே செம்புப் பளபளப்போடு ஓர் ஏடும் நீல நுரையும், அதை விலக்கினால் கீழே பச்சை கலந்த மஞ்சள் நீரும். அப்படி இருந்தால் தொட்டி உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

வேட்டியின் ஒரு பக்கம் மட்டும் மரவள்ளிப் பசையால் புள்ளிக் கோலங்களாக நிரப்பினேன். புள்ளி வைத்தது நான், கோட்டை இழுத்தது அம்மா. கூம்பை அவள் பிடிக்கவில்லை. வழக்கம்போல் விரலிடுக்கிலேயே பசையை ஒழுகவிட்டாள். (மரவள்ளிப் பசையின் அந்தப் பங்கில் மட்டும் துத்தம் சேர்க்காமல் எடுத்து வைத்தேன்.) இரண்டு நாள் காய்ந்தபின் தொட்டியில் மெல்ல இறக்கினேன். ஐந்து நிமிடம். வெளியே எடுத்தபோது வேட்டி வாழைக்குருத்துப் பச்சையாக இருந்தது. காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து நீலம் பரவத் தொடங்கியது. அந்தக் காட்சியைக் காணத்தான் இத்தனை பாடும் என்று தோன்றியது. "அம்மா, வந்து பாரேன்" என்று கத்தினேன்.

அம்மா வந்து நின்றாள். நீலம் முழுதும் ஏறும் வரை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இருபத்தேழு வருசம் வாரத்துல ஆறு நாளு நீலத்தப் போட்டுக்கிட்டு ஓசூருக்கு பஸ் ஏறினாரு. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு எந்நேரம் வந்தாலும் மொத வேலையா அந்த நீலத்தக் கழட்டிப் போட்டுட்டு இதத்தான் கட்டுவாரு. அப்புறந்தான் சோறு. இதையும் நீலமாக்கிட்ட."

அதில் கோபம் இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஆலையின் நீலச் சீருடையும் அதில் ஊறிய எண்ணெய்க் கறையும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. துவைப்பதற்காக அதைத் தனி வாளியில் போட்டிருப்போம், மற்றத் துணிகளோடு சேராமல். ஐம்பது கிலோமீட்டர் பேருந்தில் வந்து, பின்கட்டில் கைகால் கழுவி, வெள்ளை வேட்டியில் அவர் திண்ணைக்கு வரும்போதுதான் அப்பா வீட்டுக்கு வந்ததாக எங்களுக்குக் கணக்கு. வேட்டியின் மென்மையைக் கவனித்தேன், இழையைக் கவனித்தேன், சாயம் ஏற்கும் திறனைக் கவனித்தேன். அது வெள்ளை என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

நல்ல நீலத்துக்கு மூன்று முறையாவது முக்க வேண்டும் என்பது முறை. நான் இரண்டாம் முறை முக்கவில்லை. வாளியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுநாள் பள்ளிக்கூட வேலையாக வெளியே போய்த் திரும்பியபோது அம்மா வேட்டியை ஊறவைத்துப் பசையைத் தானே சுரண்டி, அலசி, கொடியில் உலர்த்தியிருந்தாள். ஒரே முக்கு என்பதால் நீலம் வெளிறி, விடிகாலை வானம் போலத்தான் இருந்தது. முன்பக்கம் கோலக் கோடுகள் வெள்ளையாகத் தெளிந்திருந்தன. பசை படாத பின்பக்கம் கோடுகள் மங்கி, நீலம் பெரிதும் மூடியிருந்தது. அந்தப் பின்பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி, வெள்ளைக் கோடுகள் வீட்டுக்குள் தெரியும்படி அவள் உலர்த்தியிருந்தாள். கைதவறியா, வேண்டுமென்றேவா என்று நான் கேட்கவில்லை. இன்று அது முன்னறைச் சன்னலின் திரை. அதே பக்கம் உள்ளே இருக்கும்படிதான் தைத்து மாட்டினோம்.

அவுரி வாளி இன்னும் பின்கட்டில் இருக்கிறது. அவ்வப்போது வெல்லம் போட்டு உயிரோடு வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கிய காடாத் துணியை வெந்நீரில் சோடா போட்டுக் காய்ச்சிப் பசை நீக்கி, அதில் பழகிக்கொண்டிருக்கிறேன். வண்டு விழுந்த மாவு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள் என்று பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறையாவது யாராவது ஒரு பொட்டலம் கொண்டுவந்து தருகிறார்கள், கூடவே இதை வைத்து என்ன செய்கிறாய் என்று நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நான்காவது வேட்டியை நான் கேட்கவில்லை, அம்மாவும் எடுத்துக் கொடுக்கவில்லை. போன மாதம் அதை எடுத்துக் கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்து, மடித்து மீண்டும் பெட்டியில் வைத்தாள். கஞ்சி போட்ட துணியில் சாயம் ஏறாது என்பதை இந்தக் கோடையில் அவளும் என்னோடு சேர்ந்துதான் கற்றிருந்தாள்.